வெலிமடையிலிருந்து ஜித்தா வரை: ஹஜ் பயணத்தின் இடைவழி வரலாறு

இலங்கை முஸ்லிம்களின் ஹஜ் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோதான் எழுத்தைத் தொடங்குவார்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, யார் யார் போனார்கள் என்று கதை நகரும். கொழும்பு, பேருவளை, காலி போன்ற ஊர்களுக்கு அந்தத் தொடக்கம் பொருந்தும். அவர்களுக்கு வாசலைத் திறந்தாலே கடல். உமா ஓயாக் கரையில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த வெலிமடைக்கும் குருத்தலாவைக்கும் அப்படியில்லை. துறைமுகத்துக்குப் போய்ச் சேருவதே எங்களவர்களுக்கு ஒரு பயணம். அதற்குப் பிறகுதான் ஹஜ் பயணம்.

இன்று உம்றாவுக்கு டிக்கட் எடுக்கிறவர் முகவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறார். "டிக்கட் எவ்வளவு? டிரான்சிட் எத்தனை மணித்தியாலம்? கட்டுநாயக்கவுக்கு வேன் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும்?" கேட்கிறவர் இதை இந்தக் காலத்துத் தொல்லை என்று நினைக்கலாம். உண்மையில் இருநூறு ஆண்டுகளாக மலைநாட்டு முஸ்லிம் கேட்டு வந்த கேள்விகள்தான் இவை. வாகனம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஒரு வாகனத்தை விட்டு இன்னொன்றில் ஏறும் இடத்தில்தான் காசும் காலமும், சில வேளை உயிரும் போயிருக்கின்றன. அந்த இடைவழிகளைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிச்செலவும் வாகனமும்

ஹஜ் யார்மீது கடமை என்று சொல்லும் இடத்தில், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆவது வசனம் அங்கு செல்வதற்கு வழி பெற்றவர் என்ற நிபந்தனையை வைக்கிறது. அந்தச் சக்தி எது என்பதைப் பிக்ஹ் அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஸாத் என்னும் வழிச்செலவு வேண்டும். ராஹிலா என்னும் வாகனம் வேண்டும். வழி அச்சமற்றதாக இருக்க வேண்டும். போய்த் திரும்பும்வரை வீட்டிலிருப்பவர்களின் செலவுக்கும் வைத்துவிட்டுப் போக வேண்டும். நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பெண்ணுக்குக் கணவரோ மஹ்ரமோ நம்பிக்கையான பெண்களின் கூட்டமோ துணையாக இருப்பதும் இந்தச் சக்தியில் அடங்கும். ஹஜ்ஜுடைய நாட்களுக்குள் போய்ச் சேரக்கூடிய அவகாசமும் கணக்கில் எடுக்கப்படுகிறது.

இதை ஆறுதலாக யோசித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கட்டணம், வாகனம், வழித்துணை, பாதுகாப்பு, நேரம் ஆகிய ஐந்தும்தான் பயணத் திட்டமிடல் என்று இன்று நாம் சொல்வது. பயண ஏற்பாட்டை வெறும் உலக அலுவலாக எண்ணி முகவரின் தலையில் போட்டுவிடுகிறோம். நமது இமாம்களோ அதைக் கடமையின் வாசற்படியில் வைத்திருக்கிறார்கள்.

தவளப் பாதை

ஊவா முஸ்லிம்களுக்கும் போக்குவரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. போர்த்துக்கேயரின் கெடுபிடியால் கரையோரத்தை விட்டு வந்த முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் 1626இல் தன் இராச்சியத்தில் இடம் கொடுத்தான். கண்டி இராச்சியத்து முஸ்லிம்களில் கணிசமானோர் பின்னர் தவளம் ஓட்டுகிறவர்களாக இருந்தார்கள். பொதி சுமக்கும் மாடுகளின் அணிக்குத் தவளம் என்று பெயர். கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியதும், மலைநாட்டுப் பாக்கு இறங்கியதும் இந்த மாடுகளின் முதுகில்தான். இதை மேற்பார்வை செய்த அரச பிரிவு மடிகே எனப்பட்டது.

1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸையில் இந்த மடிகேப் பிரிவுக்கு ஒரு முஸ்லிமை முகாந்திரமாக நியமித்தார்கள். அவர் பெயர் ஹாஜி மரைக்கார். சிங்களப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்த அந்த நியமனம் ஊவா வெல்லஸ்ஸைக் கிளர்ச்சி மூளுவதற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. ஹாஜி மரைக்காரும், நிலைமையைப் பார்க்கப் போன பதுளை உதவி அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்ட திசாவையின் பெயரைத்தான் வெலிமடைக்குப் பக்கத்து ஊரான கெப்பெட்டிப்பொல இன்று தாங்கி நிற்கிறது.

அரசியல் ஒரு புறம் இருக்கட்டும். நமக்கு இங்கே முக்கியமானது அந்தப் பெயர். புகையிரதமும் நீராவிக் கப்பலும் வராத காலத்திலேயே, ஊவாவின் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரில் 'ஹாஜி' இருந்திருக்கிறது. மலைக்கும் மக்காவுக்கும் நடுவே மாட்டுப் பாதையும் பாய்க்கப்பலும் மட்டும் இருந்த நாட்களில், பருவக்காற்றுத்தான் பயண அட்டவணை. ஒரு காற்றில் போனவர் திரும்புவதற்கு மறு காற்று வரவேண்டும். இன்றைய டிரான்சிட் மணிக்கணக்கு. அன்றையது மாதக்கணக்கு.

கோச்சியும் கப்பலும்

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கிழக்குக்கும் மேற்குக்கும் போகும் நீராவிக் கப்பல்கள் கொழும்பில் தரிக்கத் தொடங்கின. எகிப்தின் அறபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கியதும் இந்தக் கடல்வழியால்தான். சித்திலெப்பை 1885இல் எழுதி வெளியிட்ட அசன்பே சரித்திரத்தில் கெய்ரோவும் பம்பாயும் ஒரே கதைக்குள் வருவதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அரபுலகம் கிட்ட வந்துவிட்ட காலம் அது.

அதே காலத்தில் மலைக்குக் கோச்சி ஏறியது. 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என்று தண்டவாளம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊர்ந்து வந்தது. தேயிலை எங்கே இருந்ததோ அங்கே பாதை போனது. வெலிமடைப் பள்ளத்தாக்கை அது தொடவே இல்லை. எங்களவர் மாட்டுவண்டியிலும், பிற்காலத்தில் பஸ்ஸிலும் பண்டாரவளைக்கோ தியத்தலாவைக்கோ போய்த்தான் கோச்சி ஏற வேண்டும். இந்த முதல் இணைப்புத் தவறினால் கொழும்பில் கப்பல் காத்திருக்காது.

கொழும்பில் ஏறி ஏடன் அல்லது சூயஸ் வழியாக ஜித்தாவுக்கு மாறுவது ஒரு வழி. பம்பாய் இன்னொரு வழி. பம்பாய்தான் இந்திய உபகண்டத்தின் ஹஜ் துறைமுகமாக விளங்கியது. ஹாஜிகள் தரகர்களிடம் ஏமாந்து துறைமுகத் தெருக்களில் தவித்த அவலம் பெரிதானபோது, 1886இல் பிரித்தானிய இந்திய அரசு தோமஸ் குக் நிறுவனத்திடம் ஹஜ் பயண ஏற்பாட்டை ஒப்படைத்தது. ஊரிலிருந்து புகையிரத டிக்கட்டும் கப்பல் டிக்கட்டும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் யோசனை. 1893இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. ஒரே டிக்கட்டில் முழுப் பயணம் என்ற எண்ணம் விமானக் கம்பனிகள் கண்டுபிடித்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பல் சேவை தொடங்கியதும் பம்பாய் வழி சுலபமானது. எங்கள் அயலிலுள்ள ஊவாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் வந்த அதே வழியில், எதிர்த் திசையில் ஹாஜிகள் போனார்கள். 'சுலபம்' என்றால் என்னவென்று எண்ணிப் பார்ப்போம். வெலிமடையிலிருந்து பண்டாரவளை. அங்கிருந்து கோச்சியில் பொல்கஹவெல. மாறி ஏறித் தலைமன்னார். கடல் கடந்து தனுஷ்கோடி. மறுபடி கோச்சியில் சென்னை. இன்னொரு கோச்சியில் பம்பாய். பம்பாயில் கப்பலுக்குக் காத்திருப்பு. செங்கடல் வாயிலில் கமரான் தீவில் தொற்றுநோய்த் தடுப்புத் தங்கல். பிறகு ஜித்தா. அங்கிருந்து ஒட்டகத்திலும், பின்னாளில் மோட்டார் வாகனத்திலும் மக்கா. ஒன்பது துண்டுப் பயணம். ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டியை இறக்க வேண்டும், கூலிக்காரரோடு பேரம் பேச வேண்டும், கூட வந்தவர் கூட்டத்தில் தவறிப்போகாமல் பார்க்க வேண்டும்.

'பயணம் சொல்லுதல்' என்ற நமது வழக்கத்தின் பொருள் இந்தப் பட்டியலைப் பார்த்தால்தான் முழுதாக விளங்கும். வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கோங்க, போயிட்டு வாறேன்" என்று சொல்வது அன்று சடங்காக இருக்கவில்லை. திரும்பி வருவோமா என்பது உண்மையிலேயே தெரியாத ஒருவர் சொன்ன சொல் அது. கடனைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வழியில் கடுதாசி கூடியது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாகின. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கையில் காசிருந்தாலும் அதை வெளிநாட்டு நாணயமாக மாற்ற அரசின் அனுமதி வேண்டும் என்றாக்கியது. மரக்கறித் தோட்டத்திலும் சில்லறைக் கடையிலும் சேர்த்த பணம் ஊரில் பணம்தான், ஜித்தாவில் அல்ல. வழிச்செலவு என்ற நிபந்தனைக்குள் மத்திய வங்கியும் வந்து உட்கார்ந்துகொண்டது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் சேவை இராமேஸ்வரத்துக்கு மாறியது. அதற்குள் ஹாஜிகளின் பார்வை வானத்துக்குப் போயிருந்தது.

வானவழியும் நமது மலைகளும்

இரத்மலானை விமான நிலையம் 1935இல் இயங்கத் தொடங்கியது. எயார் சிலோன் 1947 டிசம்பரில் பறக்க ஆரம்பித்தது. விமானம் வந்துவிட்டால் இடைவழித் தொல்லை தீரும் என்று உலகமே நம்பியது. 1952இல் பெய்ரூத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்து ஜித்தா போகும் விமானங்களில் இருந்த ஆசனங்களைவிட அதிகமாக டிக்கட் விற்கப்பட்டிருந்தது. ஹஜ் நெருங்கிவிட்டது. பல நாடுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோர் கையில் டிக்கட்டோடு விமான நிலையத்திலேயே தவித்தார்கள். கடைசியில் அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானங்கள் ஓகஸ்ட் இறுதியில் சில நாட்களுக்குள் 3,700க்கும் அதிகமானோரை ஜித்தாவில் கொண்டு சேர்த்தன. டிக்கட் கையிலிருப்பது வேறு, ஆசனம் இருப்பது வேறு என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

நமது மலைநாட்டிலேயே எழுதப்பட்ட பாடம் இன்னும் கனமானது. தூர கிழக்கிலிருந்து ஜித்தாவுக்குப் பறந்த ஹஜ் விமானங்களுக்குக் கொழும்பு ஓர் இடைத்தரிப்பாக இருந்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றி வந்த மார்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வரும்போது மஸ்கெலியாப் பகுதியின் சப்தகன்னி மலையில் மோதியது. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. 182 பயணிகளும் 9 பணியாளர்களும் ஷஹீதானார்கள் என்றே நம்மவர்கள் சொல்வார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை என்பது மட்டும் பதிவு. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் அந்த விமானத்தின் சக்கரமொன்று நினைவுச் சின்னமாக இருக்கிறது.

நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிய இன்னொரு டிசி-8, எரிபொருள் நிரப்பக் கொழும்பில் இறங்க வந்தபோது கட்டுநாயக்க ஓடுபாதைக்கு அருகிலுள்ள தென்னந்தோப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த 262 பேரில் 183 பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டு விபத்துகளிலும் இறந்தவர்களில் எவரும் நம் ஊரவர் அல்லர். ஆனாலும் இவை நமது வரலாற்றின் பகுதி. ஜாவாவின் கிராமத்திலிருந்து மக்காவை நோக்கிப் புறப்பட்டவர்களின் இறுதி மண் நமது மலையாக அமைந்தது. அவர்களும் தங்கள் ஊரில் பயணம் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். மாணவரை ஹட்டன் பக்கம் சுற்றுலா அழைத்துப் போகும் நமது பாடசாலைகள், அந்த மலையைக் காட்டி இதைச் சொல்லி ஒரு பாத்திஹா ஓதச் செய்தால் நல்லது.

வளைகுடாவும் வேன் பயணமும்

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வளைகுடா வேலைவாய்ப்பு பெருகியது. 1979இல் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. 1981இல் ஜித்தாவில் புதிய விமான நிலையமும், கூடாரம் போன்ற கூரையுடைய ஹஜ் முனையமும் திறக்கப்பட்டன. அந்தக் கூரையை வடிவமைத்த குழுவின் முதன்மைப் பொறியியலாளர் டாக்காவைச் சேர்ந்த பஸ்லுர் ரஹ்மான் கான் என்பதை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

விமானம் நம் ஊர் வீடுகளுக்குள் வந்தது ஹஜ்ஜுக்கு முன்னே, வீட்டுப் பணிப்பெண் விசாவோடுதான். வெலிமடையின் கிராமத்துப் பெண்களும் சுற்றுத் தோட்டங்களின் பெண்களும் இரவோடிரவாக வேனில் கட்டுநாயக்கவுக்குப் போனார்கள். மலையை விட்டு வெளியே போகாத உம்மாமார் தனியாக இன்னொரு நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறினார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள்கூட வாயில் இலக்கத்தையும் நேரத்தையும் கேட்டுக் கேட்டு வழி கண்டார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எத்தனையோ வாப்பாமார் உம்றாவுக்குப் போயிருக்கிறார்கள். நமது ஹஜ் வரலாற்றை எழுதும்போது இந்தப் பெண்களுக்கு ஒரு பந்தியாவது ஒதுக்காவிட்டால் அது நீதியாகாது.

ஆகாயத்தில் நேரம் சுருங்கியது. தரையில் அந்தளவு சுருங்கவில்லை. வெலிமடையிலிருந்து நுவரெலியா வழியாகவோ, பண்டாரவளை, ஹப்புத்தளை, இரத்தினபுரி வழியாகவோ இறங்க வேண்டும். இரண்டிலும் வளைவுகள், மூடுபனி, மழைக்காலத்தில் மண்சரிவு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்தது இதே மாவட்டத்தில்தான். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும், 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்கத் தாக்குதலுக்குப் பின்னான கெடுபிடிகளும் சேர்ந்துகொண்டன. 2013 மார்ச்சில் மத்தள விமான நிலையம் திறந்தபோது, எல்ல, வெல்லவாய வழியாகச் சுருக்கமாகப் போய்விடலாம் என்று ஊவாவில் ஓர் எதிர்பார்ப்பு எழுந்தது. ஓடுபாதை கிட்ட வந்தது, விமானங்கள் வரவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை பயணத்தின் கடைசித் துண்டைத்தான் சுருக்கியது. மலைத் துண்டு அப்படியே இருக்கிறது.

2022இல் நடந்தது இந்த முழு வரலாற்றையும் ஒரே வருடத்தில் காட்டிவிட்டது. கொரோனாவால் இரண்டு வருடம் வெளிநாட்டவர்க்கு அடைபட்டிருந்த ஹஜ் அப்போதுதான் திறந்தது. அதே நேரம் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. டிக்கட்டின் டொலர் விலை கூடாமல் இருந்தாலும் ரூபா விலை ஏறிவிடும். டொலர் தட்டுப்பாட்டில், அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போவதே இல்லை என்று முகவர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டி வந்தது. பின்னர் ஒரு பகுதியினர் போனார்கள். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்றானது. விமானம் தயாராக இருந்தாலும் மலையிலிருந்து இறங்க வேனுக்கு டீசல் இல்லாத நிலை. ஸாத், ராஹிலா என்று கிதாபுகளில் ஓதியவை கண்முன்னே நின்றன.

இன்றைய கணக்கு

இந்த வரலாற்றிலிருந்து இன்றைய பயணிக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, இணைப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. கொழும்பிலிருந்து வளைகுடா வழியாக ஜித்தாவுக்கு ஒரே டிக்கட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஆசனம் தருவது கம்பனியின் பொறுப்பு. பெட்டியும் நேரே ஜித்தாவுக்குப் போகும். விலை குறைவு என்று இரண்டு கம்பனிகளிடம் தனித்தனி டிக்கட் எடுத்தால் இடைவழியின் பாரம் முழுக்கப் பயணியின் தலையில். மிச்சம் பிடித்த காசைவிடப் புது டிக்கட்டின் விலை பெரிதாக இருக்கும். வயதான உம்மா வாப்பாவை அனுப்புகிறவர்கள் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, மீக்காத். கப்பலில் போனவர்கள் யலம்லம் நேரே வரும்போது இஹ்ராம் உடுத்தார்கள். அறிவிப்பதற்கு ஆளிருந்தது, உடுக்க அவகாசமும் இருந்தது. விமானம் ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே மீக்காத் எல்லையைக் கடந்துவிடுகிறது. இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு ஏற்றிவிட்டவர் அப்போது கையைப் பிசைவதைத் தவிர வேறு வழியில்லை. நிய்யத்தோடு போகிறவர் இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தால் திரும்பிப் போக வேண்டும், அல்லது குற்றப் பரிகாரமாகப் பலி கொடுக்க வேண்டும். டிரான்சிட் நிலையத்தில் உடுப்பதா, கொழும்பிலேயே உடுப்பதா என்பது டிக்கட் எடுக்கும்போதே தீர்மானிக்க வேண்டியது. முதலில் மதீனாவில் இறங்கும் டிக்கட் என்றால் துல்ஹுலைபாவில் இஹ்ராம் கட்டலாம். 2018இல் தொடங்கிய ஹரமைன் அதிவேகப் புகையிரதம் மதீனாவையும் ஜித்தா விமான நிலையத்தையும் மக்காவையும் இணைப்பதால், எந்த நகரில் இறங்குவது என்ற தெரிவு முன்னைவிட இலகுவாகியிருக்கிறது.

மூன்றாவது, மலைத் துண்டுக்குரிய நேரம். விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்க்கும்போது மண்சரிவுக்கும் மூடுபனிக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் முதல் நாளே இறங்கிக் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்குவது வீண்செலவு ஆகாது. வழியின் பாதுகாப்பும் கடமையின் நிபந்தனை என்று மேலே பார்த்தோம். அதற்குரிய செலவும் வழிச்செலவில் சேர்ந்ததே.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையில் புகையிரதம் வந்த ஆண்டும் சட்டம் வந்த ஆண்டும் இருக்கின்றன. வெலிமடையிலிருந்தோ குருத்தலாவையிலிருந்தோ போன ஒரு ஹாஜியின் கையெழுத்துக்கூட இல்லை. அவை நமது வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. காலாவதியான கடவுச்சீட்டு, செலாவணி அனுமதிக் கடிதம், எயார் லங்கா டிக்கட்டின் சிவப்புக் கார்பன் பிரதி, பம்பாயிலிருந்து எழுதிய தபாலட்டை. ஒவ்வொரு வீடு கட்டும்போதும், ஒவ்வொரு மௌத்துக்குப் பிறகும் இவற்றில் கொஞ்சம் குப்பைக்குப் போகிறது. பள்ளிவாசல் நூலகங்களும் பாடசாலைகளும் இவற்றைப் பிரதி எடுத்துத் திரட்டலாம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாற்று ஒப்படையாகவே கொடுக்கலாம். கேட்க வேண்டியது பெரிய கேள்விகளில்லை. எந்த வருடம் போனீங்க, எங்கே எங்கே மாறி ஏறினீங்க, டிக்கட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க, யார் கூட வந்தது, வீட்டுச் செலவுக்கு என்ன வச்சிட்டுப் போனீங்க. இந்த ஐந்துக்கும் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த விடுமுறைக்குள் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.